அலுமாரிக்குள் ஓர் இரைச்சல்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இஷாவுக்குப் பின் என் மூத்த ராத்தாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஸலாம் சொன்ன கையோடு அவர் கேட்ட முதற் கேள்வியே என்னைத் திடுக்கிட வைத்தது.

"தம்பி, கொம்பியூட்டர் வெடிக்குமா?"

விசாரித்தபோது விடயம் விளங்கியது. ராத்தாவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன். காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் ஒரு கடையில் ஆறு மாதம் வேலை செய்து, சேர்த்த காசில் பழைய கிராபிக்ஸ் காட் ஒன்றை வாங்கித் தன் கணனியில் பூட்டியிருக்கிறான். கணனி விளையாட்டுக்களின் காட்சிகளைத் திரைக்கு வரைந்து அனுப்பும் பாகம் அது. அதைப் பூட்டிய நாளிலிருந்து அவன் விளையாட உட்கார்ந்தால் போதும், வீட்டுக்குள் ஹெலிகொப்டர் இறங்குவது போல் ஓர் இரைச்சல். கிட்டப் போனால் அடுப்படி போல் வெக்கை. அன்றிரவு பொறுக்க முடியாமல் ராத்தா சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கிவிட்டார். நண்பர்களோடு சேர்ந்து விளையாடிக் கொண்டிருந்த பிள்ளைக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. மூன்று நாட்களாக உம்மாவோடு சரியான பேச்சில்லை.

கட்டாரில் இருக்கும் அவனுடைய வாப்பாவோ, "அதை வித்துப்போடு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"விக்கச் செல்லி அவன்ட முகத்தப் பாக்க ஏலாது தம்பி. ஆறு மாசம் நின்டு உழைச்ச காசி. வச்சிக்கோ என்டும் செல்ல ஏலாது, ராவைக்கு எனக்கு நித்திரை இல்ல, பயமா ஈக்கி. நீங்க வந்து பாத்து ஒரு முடிவு செல்லுங்க."

நான் கணனிப் பொறியியலாளன் அல்லன். அரபு இலக்கணம் கற்பிப்பவன். ஆயினும் எங்கள் கல்லூரியின் கணனி அறையில் இருக்கும் இயந்திரங்களுக்குப் பல வருடங்களாக நானே பொறுப்பு. திருத்துபவர் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பல விடயங்களைக் கற்றுக் கொண்டேன். அந்தத் துணிச்சலில் மறுநாள் மாலை புறப்பட்டுப் போனேன். அங்கே கண்டதையும் செய்ததையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். இந்த இரைச்சல் ராத்தாவின் வீட்டில் மட்டும் கேட்பதல்ல என்பதை நான் அறிவேன்.

ஏன் இந்தச் சூடு?

திரையில் ஓடும் விளையாட்டு, முன்பே எடுத்து வைத்த படமல்ல. பிள்ளை விசையை அசைக்கும் ஒவ்வொரு கணமும் மரம், சுவர், நிழல், வெளிச்சம் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டு வரைய வேண்டும். ஒரு செக்கனுக்கு 60 தடவை, சில வேளை 100 தடவைக்கும் மேல். கிராபிக்ஸ் காட்டின் நடுவிலுள்ள சில்லுக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் இந்த வேலையைச் செய்கின்றன. அதற்காக எடுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது.

1996 ஆம் ஆண்டு புகழ்பெற்ற வூடு என்ற காட்டில் விசிறியே இருக்கவில்லை. 1999 இல் வந்த ஜிஃபோர்ஸ் 256 இல் ஒரு சிறிய விசிறி இருந்தது. 2003 இல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ரா போட்ட சத்தம் உலகம் முழுவதும் கேலிக்குள்ளாகி, அதைச் செய்த நிறுவனமே தன்னைத் தானே கிண்டல் செய்து ஒரு படம் எடுத்து வெளியிடும் நிலை வந்தது. 2010 இல் வந்த ஜி.டி.எக்ஸ். 480 இன் அளவு 250 வொட். அதன் மேல் முட்டை பொரிக்கலாம் என்று பகிடி விட்டார்கள். 2022 இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 க்கு 450 வொட். 2025 இல் வந்த 5090 க்கு 575 வொட். ஒரு சிறிய ரைஸ் குக்கர் எடுக்கும் மின்சாரத்துக்கு இது ஏறக்குறைய சமம். ரைஸ் குக்கராவது அரை மணித்தியாலத்தில் சோற்றை ஆக்கிவிட்டு அடங்கிவிடும். இதுவோ பிள்ளை எழும்பும் வரை எரிந்து கொண்டேயிருக்கும்.

என் மருமகன் வாங்கியது அவ்வளவு பெரியதல்ல. 170 வொட் வரை எடுக்கும் நடுத்தர வகை. ஆனாலும் 170 வொட் வெப்பத்தை ஒரு கையளவு இடத்திலிருந்து வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலையைத்தான் விசிறிகள் செய்கின்றன. சூடு கூடினால் அவை வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் இரையும்.

இதைத்தான் ராத்தாவிடம் முதலில் சொன்னேன்: "பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறதென்று நாம் பயப்படுகிறோமா? விசில் அடைத்துக் கொண்டால்தானே பயம். இந்த இரைச்சலும் அப்படித்தான். அது நோயல்ல, நோயின் அறிகுறி."

வெடிக்குமா?

வெடிக்காது. இந்தச் சில்லுகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து கொண்டிருக்கும். அநேகமானவை 80 பாகை செல்சியஸை அண்டியபடி வேலை செய்யக் கூடியவை. 90 ஐ நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்ளும்; அதையும் தாண்டினால் கணனியே நின்றுவிடும். ஏ.எம்.டி. நிறுவனம் தன் ஆர்.எக்ஸ். 5700 வரிசைக் காட்டுகளில், சில்லின் மிகச் சூடான புள்ளி 110 பாகை வரை போவதும் எதிர்பார்த்த எல்லைக்குள்தான் என்று 2019 இல் விளக்கம் கொடுத்தது.

எனவே 75, 80 என்று கண்டதும் பதற வேண்டியதில்லை. ஆனால் எப்போதும் 85, 90 என்று நின்றால் கவனிக்க வேண்டும். அந்தச் சூட்டில் விசிறியின் ஆயுளும், சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையில் பூசியிருக்கும் பசையின் ஆயுளும் குறையும். பிள்ளையின் விளையாட்டும் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும்.

அளப்பதற்குக் கருவி தேவையில்லை. விண்டோஸ் 10 இன் 2020 மே மாதப் பதிப்பிலிருந்து, டாஸ்க் மெனேஜரில் கிராபிக்ஸ் காட்டின் வெப்பம் தெரியும். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதியில் ஜி.பி.யு. என்பதைத் தெரிந்தால் பாகைக் கணக்கு வரும். காய்ச்சல் பார்க்கும் உம்மாவுக்கு இந்த எண்ணைப் பார்ப்பது கடினமா என்ன?

மகனை விளையாடச் சொல்லி இருபது நிமிடம் காத்திருந்து பார்த்தோம். 87 பாகை.

பெட்டி இருந்த இடம்

கணனிப் பெட்டியைத் தேடினேன். மேசையில் இல்லை, மேசையின் கீழும் இல்லை. அலுமாரியின் அடித்தட்டில், கதவு சாத்திய நிலையில் இருந்தது. வயர்களுக்காக ஒரு சிறு துளை மட்டும் போட்டிருந்தார்கள். பெட்டியின் மேல் பூவேலை செய்த அழகான ஒரு துணியும் விரித்திருந்தது.

"இதை இங்கே வைத்தது யார்?" என்று கேட்டேன்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. ராத்தாதான் சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "நான்தான் வைக்கச் சென்ன. ஆக்கள் வந்தா வயரெல்லாம் தெரியுது. தூசும் படியுதே."

அத்துணியில் இருந்ததும் ராத்தாவின் கைவேலைதான். காசு கொடுத்து வாங்கிய பொருள் கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் விரித்தது. அந்த அக்கறைதான் மூச்சை அடைத்தது. உள்ளேயிருந்து வரும் சூடான காற்று அலுமாரிக்குள்ளேயே சுற்றி, மீண்டும் அதே விசிறிக்குள் போகிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சூட்டைச் சூட்டால் ஆற்ற முடியாது.

கதவைத் திறந்து, துணியை எடுத்தோம். பத்து நிமிடத்தில் 87 ஆனது 80 ஆயிற்று. பெட்டியை வெளியே எடுத்து மேசையின் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் ஒரு சிறு பலகையின் மேல் வைத்தோம். 77 ஆயிற்று. ஒரு ரூபா செலவில்லை. இரைச்சலும் ஹெலிகொப்டர் என்ற நிலையிலிருந்து மேசை விசிறி என்ற நிலைக்கு இறங்கிவிட்டது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியது இதுதான். கணனிப் பெட்டி முன்பக்கத்தால் காற்றை உள்ளே இழுத்து, பின்பக்கத்தாலும் மேற்பக்கத்தாலும் வெளியே தள்ளும். இம்மூன்று பக்கமும் திறந்திருக்க வேண்டும். விளையாடும்போது யன்னல் திறந்திருப்பது நல்லது. அறையின் வெப்பம் பத்துப் பாகை கூடினால் காட்டின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். குளிர்நாட்டில் 22 பாகை அறையில் சோதித்து எழுதிய கணக்கு, 32 பாகை நிற்கும் நம் கரையோர வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. மடிக்கணனி வைத்திருக்கும் பிள்ளை அதை மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடினால், கீழிருக்கும் காற்றுவழி அடைபட்டு இதே கதைதான். மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்திக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

பெட்டிக்குள் காற்றோட்டம் போதாதா என்பதை அறியவும் ஓர் எளிய சோதனை உண்டு. பெட்டியின் பக்கத் தகட்டைச் சற்று நேரம் கழற்றி வைத்து விளையாடிப் பாருங்கள். ஐந்து பாகைக்கு மேல் குறைந்தால், குறை காட்டில் அல்ல, பெட்டியில். முன்னால் ஒரு விசிறியும் பின்னால் ஒரு விசிறியும் சேர்த்தால் போதும். குறைகாணுமுன் காட்டை மாற்ற ஓட வேண்டாம்.

தூசும் பழைய பசையும்

அடுத்து, பெட்டியைத் திறந்து பார்த்தோம். காட்டின் உலோகத் தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளி போல் தூசு அடைத்திருந்தது. அது எங்கள் வீட்டுத் தூசு மட்டுமல்ல என்பது பார்த்ததுமே தெரிந்தது.

பழைய காட் வாங்கும் பிள்ளைகள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும. எத்தீரியம் எனப்படும் இணையக் காசை உண்டாக்குவதற்காக உலகெங்கும் இலட்சக் கணக்கான கிராபிக்ஸ் காட்டுகளை இரவு பகலாக ஓட விட்டிருந்தார்கள். 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி அம்முறை மாற்றப்பட்டதும், அந்தக் காட்டுகளுக்கு வேலையில்லாமல் போய், பெருந்தொகையாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்த காட் எல்லாமே கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறி தேய்ந்திருக்கலாம், பசை காய்ந்திருக்கலாம். எனவே வாங்கும்போது கடையிலேயே இருபது நிமிடம் ஒரு விளையாட்டை ஓட விட்டு, வெப்பத்தைப் பார்த்து, காதைக் கொடுத்துச் சத்தத்தையும் கேட்டு வாங்க வேண்டும். "பொருள் நல்லது" என்ற வாய்வார்த்தை போதாது.

துப்புரவு செய்யும் முறை இது: கணனியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். சூடு ஆறட்டும். பெயின்ற் அடிக்கும் மென்மையான, காய்ந்த தூரிகையால் தூசைத் தட்டி, ஊதியால் வெளியே ஊதுங்கள். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் அச்சு கெடும். ஈரத்துணி கூடாது. வீடு கூட்டும் வெக்யூம் கிளீனரை உள்ளே விடவும் கூடாது, அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சிறு பாகங்களைப் பாதிக்கலாம். வீதியோரத்தில் வீடு என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

காட்டைக் கழற்றிப் புதிய பசை பூசும் வேலையை மட்டும் திருத்துபவரிடம் கொடுத்தோம். தூசும் போய், பசையும் மாறிய பின் 77 ஆனது 70 ஆயிற்று.

சத்தம் ஒரே வகையல்ல

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். காது கொடுத்துக் கேட்டால் மூன்று வகைச் சத்தங்களைப் பிரித்தறியலாம்.

'ஊ' என்று ஒரே சீராகக் காற்று இரைவது, சூட்டைத் தள்ளும் சத்தம். மேலே சொன்னவற்றால் இது குறையும்.

'கட கட' என்றோ 'கர கர' என்றோ உரசினால், விசிறியின் அச்சு தேய்ந்திருக்கிறது, அல்லது ஏதாவதொரு வயர் இதழில் படுகிறது. வயரை ஒதுக்கியும் நிற்காவிட்டால் விசிறியை மாற்ற வேண்டியதுதான். காட்டை முழுதாக மாற்ற வேண்டியதில்லை.

நுளம்பு பாடுவது போல் 'கீ' என்று மெல்லிய சத்தம் வந்தால், அது விசிறியின் சத்தமே அல்ல. காட்டிலுள்ள மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. கேட்க எரிச்சலாக இருக்குமே தவிர ஆபத்தானதல்ல. செக்கனுக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை மிகக் கூடும்போது இச்சத்தமும் கூடும்.

இச்சத்தங்களை மறைக்கப் பிள்ளை என்ன செய்கிறான் என்பதையும் பாருங்கள். ஹெட்போனை மாட்டி ஒலியைக் கூட்டுகிறான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணித்தியாலம் என்றும் எல்லை சொல்கிறது. ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கும். கேட்கும் புலனுக்கு உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது.

அறுபது பேருக்குப் பத்து சஹன்

இதுவரை ராத்தாவின் பக்கத்துக் குறையைச் சொன்னேன். இனி மருமகனின் பக்கம்.

அவனுடைய திரை செக்கனுக்கு 60 படங்களை மட்டுமே காட்டக் கூடியது. கிராபிக்ஸ் காட்டோ 140 படங்களை வரைந்து தள்ளிக் கொண்டிருந்தது. மிகுதி 80 படங்களை யார் பார்க்கிறார்கள்? திரைக்கே இடமில்லை.

"மகன், அறுபது பேர் வரும் வலீமாவுக்கு எத்தனை சஹன் வேண்டும்?" என்று கேட்டேன்.

"பத்து, மாமா."

"நீ இருபத்து மூன்று சஹன் ஆக்கிக் கொண்டிருக்கிறாய். அடுப்பு எரியாமல் என்ன செய்யும்?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை. "கூட வரைஞ்சாத்தான் மாமா கை அசைக்கிறது உடனே திரையில தெரியும். சுடுற விளையாட்டில அது முக்கியம்" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. திரை 60 மட்டுமே காட்டினாலும், வேகமாக வரையும்போது கைக்கும் கண்ணுக்கும் இடையிலான தாமதம் சிறிதளவு குறையும். எனவே பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நண்பர்களோடு போட்டியாக ஆடும் ஒரு விளையாட்டுக்கு 90. மற்ற எல்லாவற்றுக்கும் 60. இந்த எல்லையை விளையாட்டின் செட்டிங்கிலேயே போடலாம். இல்லாவிட்டால் என்விடியா, ஏ.எம்.டி. இரண்டினதும் மென்பொருளில் அதற்கென இடமிருக்கிறது.

இது சிறு விடயமென்று எண்ண வேண்டாம். 2010 இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது, விளையாட்டு தொடங்குமுன் வரும் சாதாரணப் பட்டியல் திரைகளிலேயே காட்டுகள் கட்டுப்பாடின்றி வரைந்து சூடாகின. எல்லை போடும் வழியை விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே அறிவித்தது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் என்ற விளையாட்டின் சோதனைப் பதிப்பை ஆடிய சிலருடைய விலை உயர்ந்த 3090 காட்டுகள் செயலிழந்தன. அவற்றுட் சிலவற்றில் ஒட்டுவேலைக் குறைபாடு இருந்ததாகக் காட்டைச் செய்த நிறுவனம் பின்னர் சொன்னது. விளையாட்டை வெளியிட்டவர்களும் பட்டியல் திரைக்கு எல்லை போட்டார்கள். பட்டியலைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லை போட்டதும் 70 ஆனது 63 ஆயிற்று. இரைச்சல் அநேகமாக அடங்கிவிட்டது. அறையின் தொங்கு விசிறிச் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

இதற்கு மேலும் தேவையென்றால், எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பேனர் போன்ற மென்பொருளில் காட் எடுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவை 80 வீதத்துக்குக் குறைக்கலாம். வேலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கடைசிச் சிறிதளவு வேகத்துக்காகத்தான் இந்தக் காட்டுகள் அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கின்றன. அதை விட்டுக் கொடுத்தால் வேகம் சற்றே குறையும். சூடும் சத்தமும் நன்றாகக் குறையும். ஆனால் விசிறியின் வேகத்தை மட்டும் கையால் குறைத்துச் சத்தத்தை அடக்குவது கூடாது. அது குக்கரின் விசிலை அடைப்பது போன்றது.

கரண்ட் பில்

வீட்டுக் கணக்கைப் பார்க்கும் சகோதரிகளுக்கு இன்னொரு கணக்கு. அவனுடைய முழுக் கணனியும் விளையாடும்போது ஏறக்குறைய 300 வொட் எடுத்தது. நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் என்றால் 1.2 அலகு, மாதத்துக்கு 36 அலகு. எல்லை போட்ட பின் காட் எடுப்பது 170 இலிருந்து 100 அளவுக்கு இறங்கியது. 70 வொட், நான்கு மணித்தியாலம், முப்பது நாள்: 8.4 அலகு மிச்சம். அலகு கூடக் கூட அலகொன்றின் விலையும் ஏறும் நம் நாட்டில், கடைசி எட்டு அலகுதான் விலை கூடிய எட்டு அலகு. கண்ணுக்கே தெரியாத படத்தை வரைந்து அதற்குக் காசும் கட்டுவது வீண்விரயம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

எப்போது பிளக்கைப் பிடுங்கலாம்?

கணனி ஓடிக் கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குவது அதற்கும் நல்லதல்ல, அதில் எழுதிக் கொண்டிருக்கும் கோப்புகளுக்கும் நல்லதல்ல. இரைச்சலுக்காக அப்படிச் செய்ய வேண்டாம். ஆனால் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால், புகை கண்டால், வயர் சேரும் இடம் கறுத்தோ உருகியோ இருந்தால், யாரிடமும் கேட்க வேண்டாம்; முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். 2022 இல் 4090 வெளிவந்தபோது, அதற்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பான்கள் சில வீடுகளில் உருகின. இணைப்பான் கடைசி வரை இறுகப் பொருந்தாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. பழைய, மலிவான மின்வழங்கியோடு புதிய காட்டைப் பூட்டுவதும் ஆபத்தானதே. இங்கே பயம் நியாயமான பயம்.

திரை கறுத்துத் தானாக நிற்பது, படத்தில் நிறப் புள்ளிகள் தெறிப்பது, துப்புரவு செய்தும் 85 க்குக் கீழ் இறங்காதது ஆகியவை திருத்துபவரிடம் காட்ட வேண்டியவை.

முடிவு

ராத்தா கேட்ட முடிவை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காட்டை விற்கவில்லை. பசை பூசியதற்குக் கொடுத்த கூலியைத் தவிர வேறு செலவும் இல்லை. அன்றிரவு கட்டாரிலிருந்து வாப்பா அழைத்தபோது, மகன் தொலைபேசியைக் கணனிக்குப் பக்கத்தில் பிடித்து, "சத்தம் கேக்குதா வாப்பா?" என்றான். "ஒன்டும் கேக்கல்லையே, ஓஃப் பண்ணியா ஈக்கி?" என்று அவர் கேட்க, உம்மாவும் மகனும் ஒன்றாகச் சிரித்தார்கள். மூன்று நாளைக்குப் பின் அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அது.

அன்று ஓர் ஏற்பாடும் செய்து கொண்டார்கள். பத்து மணிக்குப் பின் விளையாட்டில்லை. உம்மா நிறுத்த வேண்டுமென்றால் பிளக்கைத் தொடாமல் மகனிடம் சொல்வார். மகன் ஆட்டத்தை முடித்துப் பத்து நிமிடத்துக்குள் நிறுத்துவான். மாதத்துக்கொரு முறை தூசு தட்டுவது அவன் பொறுப்பு. அன்று அவன் அறையை உம்மா கூட்டமாட்டார், அவனே கூட்டுவான். பூவேலைத் துணி இப்போது வரவேற்பறைச் சிறு மேசையில் இருக்கிறது. அங்கேதான் அது அழகாகவும் இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் ஒன்றை எண்ணிக் கொண்டேன். உம்மா அக்கறையில் மூடினார். மகன் ஆசையில் அளவு மீறினான். இரண்டும் சேர்ந்து கொதித்தபோது இருவரும் இரைச்சலைத்தான் கேட்டார்களே தவிர, அலுமாரிக் கதவைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படியோர் இரைச்சல் கேட்டால், விற்பதற்கும் பிடுங்குவதற்கும் முன்னர் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, கதவைத் திறந்து, அந்தப் பாகைக் கணக்கை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.